வளர்த்தவரிடம் கணக்குக் கேட்கலாமா? டிரஸ்டியின் கடமை, பயனாளியின் உரிமை

கேள்வி, 8 ஜூன் 2025

அப்பா 2017-இல் ஒரு டிரஸ்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு இறந்துவிட்டார். டிரஸ்டில் இருப்பவை: எங்கள் வீடு, அதன் முன்புறம் இரண்டு கடைகள், வங்கியில் 18 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை. பயன் எனக்கும் தம்பிக்கும் சரிபாதி. டிரஸ்டிகள், அதாவது எங்களுக்காகச் சொத்தை நிர்வகிப்பவர்கள், சித்தப்பாவும் அப்பாவின் நண்பர் ஒருவரும். எனக்கு 24 வயது, தம்பிக்கு 16. படிப்புச் செலவு முழுவதையும் சித்தப்பாதான் கவனித்தார், அதை மறக்கவில்லை. ஆனால் கடை வாடகை என்ன ஆகிறது, வைப்புத்தொகை அப்படியே இருக்கிறதா என்று கேட்டால், "வளர்த்தவனிடமே கணக்கா?" என்கிறார். அம்மாவும் கேட்காதே என்கிறார். எனக்குக் கேட்க உரிமை உண்டா? கொடுப்பதை வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா?

பதில், 8 ஜூன், இரவு

உரிமை உண்டு. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

இந்திய டிரஸ்ட் சட்டம், 1882, பிரிவு 19-ஐப் பாருங்கள். டிரஸ்டி தெளிவான, சரியான கணக்கு வைத்திருக்க வேண்டும். பயனாளி (இங்கே நீங்களும் தம்பியும்) கேட்டால், நியாயமான எந்த நேரத்திலும், சொத்து எவ்வளவு, எந்த நிலையில் இருக்கிறது என்ற முழு விவரத்தையும் தர வேண்டும். பிரிவு 57 இன்னும் விரிவானது. டிரஸ்ட் பத்திரம், சொத்தின் மூலப் பத்திரங்கள், கணக்குப் புத்தகம், ரசீதுகள் எல்லாவற்றையும் நீங்கள் பார்க்கலாம், நகலும் எடுக்கலாம். டிரஸ்ட் நிர்வாகத்துக்காக அவர் வக்கீலிடம் எழுதி வாங்கிய கருத்துரைகூட இதில் அடங்கும்.

சித்தப்பா ஒரு ரூபாயைக்கூடத் தவறாகத் தொடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் கணக்குக் காட்டத்தான் வேண்டும். கணக்குக் கேட்க உங்கள் மனத்தில் சந்தேகம் இருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. "உங்கள்மேல் சந்தேகம் இல்லை சித்தப்பா, ஆனாலும் கணக்கு வேண்டும்" என்று தைரியமாகச் சொல்லலாம். அது முழு உண்மையும்கூட.

9 ஜூன்

கணக்குக் கேட்பதற்கு முன் பத்திரத்தை வாங்கிப் படியுங்கள். நேற்றே இதை முதலில் சொல்லியிருக்கலாம்.

சித்தப்பாவிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பதிவுப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் 1-ஆம் புத்தகத்தில் இருக்கும். அதன் சான்றிட்ட நகலை, கட்டணம் செலுத்தி யாரும் பெறலாம். அப்படியே அந்தச் சொத்துக்கு வில்லங்கச் சான்றும் எடுத்துவிடுங்கள். அடமானம், குத்தகை ஏதாவது பதிவாகியிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

பத்திரத்தில் என்ன தேட வேண்டும்? டிரஸ்டிகளுக்குச் சம்பளம் உண்டா, ஒருவர் மட்டும் கையெழுத்திட அதிகாரம் இருக்கிறதா, பணத்தை எதில் முதலீடு செய்யலாம் என்றிருக்கிறது, எந்த வயதில் சொத்து உங்கள் கைக்கு வரும், அம்மாவுக்குக் குடியிருப்பு உரிமை ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா. சட்டத்தின் பல விதிகள் "பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால்" என்றுதான் தொடங்குகின்றன. ஆகவே இங்கே யார் எந்தப் பிரிவை எடுத்துப் போட்டாலும், நான் உட்பட, அதை உங்கள் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே நம்புங்கள்.

10 ஜூன்

"சொத்து டிரஸ்டி பெயரில்தானே இருக்கிறது, அப்புறம் அது அவருடையதுதானே?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள்.

பெயர் அவருடையதுதான். இந்தியச் சட்டப்படி டிரஸ்டிதான் சொத்தின் உடைமையாளர். ஆனால் அந்த உடைமையோடு பிரிக்க முடியாத ஒரு கடப்பாடும் சேர்ந்தே வருகிறது. பிரிவு 3 டிரஸ்ட் என்பதையே அந்தக் கடப்பாடு என்றுதான் வரையறுக்கிறது. ஒருவர் நம்பிக்கை வைத்து ஒப்படைக்கிறார், மற்றவர் அதை ஏற்றுக்கொள்கிறார், பயன் மூன்றாமவருக்குப் போகிறது. வழக்குப் போடவும், வாடகைக்கு விடவும், வங்கியில் கையெழுத்திடவும் டிரஸ்டிக்கு அதிகாரம் இருப்பது அந்த மூன்றாமவருக்காக.

டிரஸ்ட் உருவாக என்னென்ன வேண்டும் என்று பிரிவு 6 சொல்கிறது. டிரஸ்ட் ஏற்படுத்தும் எண்ணம், அதன் நோக்கம், பயனாளி யார், சொத்து எது ஆகிய நான்கும் ஓரளவு உறுதியாகத் தெரிய வேண்டும். சொத்தும் டிரஸ்டிக்கு மாற்றப்பட வேண்டும். உயில் மூலம் ஏற்படும் டிரஸ்டுக்கும், ஏற்படுத்துபவரே டிரஸ்டியாக இருக்கும் டிரஸ்டுக்கும் மட்டும் அந்த மாற்றம் தேவையில்லை. "என் பிள்ளைகளை நல்லபடியாகப் பார்த்துக்கொள்" என்று பொதுவாக எழுதிவைத்தால் அது வேண்டுகோளாகவே நின்றுவிடும் ஆபத்து உண்டு. உங்கள் அப்பா எல்லாவற்றையும் எழுதிப் பதிவும் செய்திருக்கிறார். தெளிவாக யோசித்த மனிதர்.

இன்னொன்று: டிரஸ்டி ஆகும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. பிரிவு 10 அதை வெளிப்படையாகவே சொல்கிறது. வேண்டாம் என்று சித்தப்பா அன்றே மறுத்திருக்கலாம். ஏற்றுக்கொண்ட பிறகு நினைத்தபோது விலகவும் முடியாது (பிரிவு 46). நீதிமன்ற அனுமதி வேண்டும், அல்லது வயது வந்த பயனாளியின் சம்மதம் வேண்டும், அல்லது பத்திரமே அதற்கு வழி சொல்லியிருக்க வேண்டும். "கணக்குக் கேட்டால் நான் விலகிக்கொள்கிறேன்" என்று அவர் கோபத்தில் சொன்னால் பயப்படாதீர்கள். அப்படி விலக முடியாது. விலகினாலும் அதுவரையிலான கணக்கைக் கொடுக்கும் கடமை தீராது.

10 ஜூன், மாலை

கோயில் அறங்காவலர்களைப் பற்றியும் வக்ஃபு பற்றியும் சிலர் எழுதுகிறீர்கள். 1882 சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கானது. வக்ஃபும் சமய, அறக் கொடைகளும் அதற்கு வெளியே என்று முதல் பிரிவிலேயே ஒதுக்கப்பட்டுவிட்டன. தமிழ்நாட்டில் இந்துக் கோயில்களுக்கு 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம். பொது அறக்கட்டளை நிர்வாகத்தில் முறைகேடு என்றால், அக்கறையுள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 92-இன் கீழ் வழக்குத் தொடரலாம். அந்தப் பேச்சுக்கு வேறு இழை (தனிக் கேள்வித் தொடர்) தொடங்குங்கள். இந்தப் பெண்ணின் கேள்வி இதில் மூழ்கிவிடக் கூடாது.

12 ஜூன்

"தன் சொத்தைப் போலப் பார்த்துக்கொண்டால் போதும், சட்டமே அதைத்தானே சொல்கிறது" என்ற கருத்துக்கு நிறையப் பேர் ஆமோதித்திருப்பதைப் பார்த்தேன். பாதி உண்மை. மற்றப் பாதியில்தான் குடும்பங்கள் சீரழிகின்றன.

பிரிவு 15 கேட்பது சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொத்தில் காட்டும் கவனத்தை. அது கவனத்துக்கான அளவுகோல். அந்த அளவோடு நடந்துகொண்ட டிரஸ்டியைச் சட்டம் நன்றாகவே காப்பாற்றுகிறது. சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: நல்ல நிலையில் இருந்த ஒரு வங்கியாளரிடம் வாடகையைச் செலுத்தும்படி டிரஸ்டி சொல்கிறார், தேவைப்படும் வரை மட்டும் பணத்தை அங்கே விட்டுவைக்கிறார். அதற்குள் வங்கியாளர் நொடித்துப்போகிறார். அவர் நொடிப்பார் என்று நினைக்க டிரஸ்டிக்குக் காரணம் எதுவும் இல்லாதபோது, நஷ்டத்தை அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. நல்லெண்ணமும் கவனமும் இருந்தும் வரும் நஷ்டம் டிரஸ்டியின் தலையில் விழாது.

ஆனால் தன் பணத்தை வைத்து ஒருவர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் டிரஸ்ட் பணத்தை வைத்துச் செய்ய முடியாது. பிரிவு 51: டிரஸ்ட் சொத்தைத் தன் ஆதாயத்துக்கோ டிரஸ்டுக்குச் சம்பந்தமில்லாத வேறு காரியத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. இங்கே நஷ்டம் வந்ததா என்ற கேள்வியே எழாது.

இந்தக் கண்டிப்பின் வேர் 1726-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான கீச் எதிர் சாண்ட்ஃபோர்டு வழக்கு. ஒரு சந்தையின் குத்தகை, சிறுவன் ஒருவனுக்காக டிரஸ்டில் இருந்தது. குத்தகைக் காலம் முடிந்தபோது டிரஸ்டி சிறுவனுக்காகப் புதுப்பித்துத் தரும்படி கேட்டார். நிலத்தின் சொந்தக்காரர் மறுத்துவிட்டார். அதன் பிறகு டிரஸ்டி தன் பெயரிலேயே குத்தகையை எடுத்துக்கொண்டார். ஏமாற்றவில்லை, சிறுவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய எதையும் பறிக்கவும் இல்லை. ஆனாலும் தீர்ப்பு சிறுவன் பக்கம். அந்தக் குத்தகையை உலகில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுக்கக் கூடாத ஒரே ஆள் டிரஸ்டிதான் என்றார் நீதிபதி கிங் பிரபு. முதலில் படித்தபோது இது அநியாயம் என்றே எனக்குப் பட்டது. யோசிக்க யோசிக்க வேறுவிதமாகத் தெரிந்தது. புதுப்பிக்க முடியாமல் போனால் தனக்குக் கிடைக்கும் என்ற வழி திறந்திருந்தால், டிரஸ்டி சிறுவனுக்காக எவ்வளவு மன்றாடியிருப்பார்? அவர் மனத்துக்குள் நுழைந்து யாரும் அளக்க முடியாது. அதனால் அந்த வழியையே அடைத்துவிட்டார்கள். நம் சட்டத்தில் பிரிவு 88 அதே இடத்தில் நிற்கிறது: பதவியால் வந்த ஆதாயம் பயனாளிக்கு உரியது.

13 ஜூன்

கேள்வி கேட்டவர் இப்போது சொல்லும் புதுத் தகவல்: இரண்டு கடைகளில் ஒன்றில் சித்தப்பாவே வியாபாரம் செய்கிறார், வாடகை கொடுப்பதில்லை.

பிரிவு 53. டிரஸ்டி, அண்மையில் டிரஸ்டியாக இருந்து விலகியவர், இருவருமே முதன்மை உரிமையியல் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் டிரஸ்ட் சொத்தை வாங்கவோ, அடமானம் பெறவோ, குத்தகைக்கு எடுக்கவோ கூடாது. பயனாளிக்குத் தெளிவான நன்மை இருந்தால்தான் அனுமதியே கிடைக்கும். சந்தை வாடகை கொடுத்து உட்கார்ந்தால்கூட அனுமதி வேண்டும் என்னும்போது, வாடகையே இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பற்றி என்ன சொல்ல?

ஆனாலும் கணக்குக் கேட்டு எழுதும் முதல் கடிதத்திலேயே இதைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். முதலில் கணக்கு. கணக்கு வந்தால் இந்தக் கடையின் வாடகைக்கான இடம் காலியாக இருப்பது தானே தெரியும், அவரே அதைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

15 ஜூன்

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று ஒருவர் கேட்டார். நானும் டிரஸ்டிதான். என் அக்காவின் கணவர் தன் பிள்ளைகளுக்காக ஏற்படுத்திய டிரஸ்டில் நானும் அவர் வழி உறவினர் ஒருவரும் இருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த உறவினர் வீடு கட்டத் தொடங்கினார். டிரஸ்ட் வைப்புத்தொகையிலிருந்து கடன் கேட்டார். வங்கி தருவதைவிட அதிக வட்டி தருவதாகவும் பத்திரம் எழுதித் தருவதாகவும் சொன்னார். பிள்ளைகளுக்கு லாபம்தானே என்றார். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. பிரிவு 54 இதற்கு நேராகத் தடை போடுகிறது. டிரஸ்டிகள் தங்களில் ஒருவருக்கு டிரஸ்ட் பணத்தைக் கடன் கொடுக்கக் கூடாது. மறுத்தேன். என்னை நம்பவில்லையா என்று கேட்டுப் பல மாதம் பேசாமல் இருந்தார். பிறகு தனியாக வங்கிக்குப் போய் வைப்புத்தொகையை முன்கூட்டியே முடிக்க முயன்றார். வங்கி என் கையெழுத்தும் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டது. பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாத வரை டிரஸ்டிகள் எல்லாரும் சேர்ந்தே செயல்பட வேண்டும் என்பது பிரிவு 48. அந்த விதி அன்று பிள்ளைகளின் பணத்தைக் காப்பாற்றியது.

உங்கள் அப்பாவின் நண்பருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. "நான் பெயரளவுக்குத்தான் டிரஸ்டி, எல்லாம் அவர்தான் பார்க்கிறார்" என்று அவர் சொல்லக்கூடும். சக டிரஸ்டியின் தவறுக்கு மற்றவர் பொறுப்பல்ல என்றுதான் பிரிவு 26 தொடங்குகிறது. ஆனால் விலக்குகள் கடுமையானவை. பணத்தைச் சக டிரஸ்டியிடம் கொடுத்துவிட்டு அது ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்காமல் இருந்தால் பொறுப்பு. அவர் பணம் வாங்க விட்டுவிட்டு உரிய விசாரணை செய்யாமல் இருந்தால் பொறுப்பு. தவறு தெரிந்தும் மறைத்தால், அல்லது நியாயமான காலத்துக்குள் பயனாளியைக் காக்க நடவடிக்கை எடுக்காவிட்டால் பொறுப்பு. பெயரளவு டிரஸ்டி என்று ஒருவர் சட்டத்தின் கண்ணில் கிடையாது. அவரைப் போய்ப் பாருங்கள். உங்களுக்கு முதல் துணை அவராகவே இருக்கலாம்.

16 ஜூன்

சம்பளம் பற்றி. "எட்டு வருடம் உழைத்தவர் ஏதாவது எடுத்துக்கொண்டால் தப்பா?" பிரிவு 50-இன்படி, பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால், அல்லது பொறுப்பேற்கும்போதே பயனாளியுடனோ நீதிமன்றத்துடனோ ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே உழைப்புக்கும் நேரத்துக்கும் பணம் எடுக்கலாம். செலவு வேறு. சொத்து வரி, பழுதுபார்ப்பு, வக்கீல் கட்டணம் போன்று முறையாகச் செய்த செலவைச் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ள பிரிவு 32 இடம் தருகிறது.

இது கறார்தான். பல ஆண்டு உழைப்புக்குப் பைசா இல்லை என்பது எனக்கும் சில சமயம் உறுத்துகிறது. உங்கள் தம்பிக்கும் வயது வந்த பிறகு நீங்கள் இருவரும் மனமுவந்து சித்தப்பாவுக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் யாரும் தடுக்கப்போவதில்லை, கொடுப்பது அழகும்கூட. அவரே எடுத்துக்கொள்வதுதான் கூடாது.

18 ஜூன்

தம்பியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள்.

பயனாளிகள் ஒருவருக்கு மேல் இருந்தால் டிரஸ்டி பாரபட்சம் காட்டக் கூடாது என்பது பிரிவு 17. அக்காவின் கல்லூரிக்குப் போன பணம் தம்பியின் பங்கிலிருந்து போயிருக்கக் கூடாது. கணக்கு வரும்போது இருவர் பங்கையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குப் பாதகமாக வந்தாலும் அதுதான் முறை.

18 வயது ஆகாதவரின் பணத்தில் பிரிவு 41 ஒரு கோடு போட்டிருக்கிறது. வருமானத்திலிருந்து பராமரிப்பு, படிப்பு, வாழ்க்கை முன்னேற்றம், சமயச் சடங்கு, திருமணம் போன்ற நியாயமான செலவுகளை டிரஸ்டி தன் விருப்புரிமையில் செய்யலாம். மீதி வருமானத்தை முதலீடு செய்து சேர்க்க வேண்டும். வருமானம் போதாவிட்டால் மூலதனத்தில் கைவைக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். வைப்புத்தொகை 18 லட்சத்திலிருந்து குறைந்திருந்தால், அதற்குப் பத்திரத்தில் அதிகாரம் இருக்கிறதா, இல்லையென்றால் அனுமதி வாங்கப்பட்டதா என்று கேளுங்கள்.

21 ஜூன்

இழை வேறு பக்கம் போகிறது, ஆனால் பயனுள்ள பக்கம். பத்திரம் எதுவும் இல்லாமல், "நீ வைத்திரு, பிள்ளைகளுக்குக் கொடு" என்று வாய்வார்த்தையில் ஒப்படைத்த சொத்து பற்றி ஒருவர் கேட்கிறார்.

பணம், நகை போன்ற அசையும் சொத்து என்றால் உரிமையை மாற்றிக் கையில் கொடுத்தாலே டிரஸ்ட் உருவாகலாம். நிரூபிப்பதுதான் பாடு. அசையாச் சொத்துக்குக் கையொப்பமிட்டுப் பதிவு செய்த பத்திரம் வேண்டும், அல்லது உயில் வேண்டும் என்கிறது பிரிவு 5. அதே பிரிவு, இந்த விதி ஒரு மோசடிக்குத் துணைபோகும் என்றால் பொருந்தாது என்றும் சொல்கிறது. அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பி வழக்குக்குப் போவது எளிதல்ல, எல்லாக் கதவும் மூடியிருக்கும்போது தட்ட வேண்டிய கதவு அது. பினாமிச் சட்டத்துக்குப் பயந்து சிலர் வாயே திறப்பதில்லை. டிரஸ்டி போன்ற நம்பிக்கைப் பொறுப்பில் ஒருவர் மற்றவருக்காக வைத்திருக்கும் சொத்துக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

குடும்பத்துக்காக எடுத்த ஆயுள் காப்பீட்டைக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியுமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில். ஒருவர் தன் ஆயுள் காப்பீட்டை மனைவி, பிள்ளைகள் நன்மைக்கென்று எழுதி எடுத்தால், 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் பிரிவு 6-இன்படி அதுவே ஒரு டிரஸ்ட். அந்த நோக்கம் நிலுவையில் இருக்கும்வரை அது கணவரின் கட்டுப்பாட்டில் இல்லை, அவருக்குக் கடன் கொடுத்தவர்களும் தொட முடியாது. மதராஸ் மாகாணத்தில் இது 1913-ஆம் ஆண்டு முடிந்த பிறகு எடுக்கப்பட்ட காப்பீடுகளுக்கே இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொருந்தியது. மற்றப் பகுதிகளுக்கு 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வியாபாரத்தில் இருப்பவர்கள் காப்பீடு எடுக்கும்போதே இதைக் கேட்டு எழுத வேண்டும். எடுத்த பிறகு நினைத்துப் பயனில்லை.

27 ஜூன்

சித்தப்பா கணக்கென்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார். ஒரு தாள் என்றாலும் கொடுத்தாரே, நல்லது. அதில் உள்ளபடி வைப்புத்தொகையில் 6 லட்சத்தை 2021-இல் தன் வியாபாரத்துக்கு எடுத்திருக்கிறார். "வங்கி வட்டியைவிட அதிகமாகவே போட்டுத் திருப்பி வைத்துவிட்டேன், யாருக்கும் நஷ்டமில்லை" என்று கீழே எழுதியிருக்கிறார்.

திருப்பி வைத்தார் என்பதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். பலர் அதையும் செய்வதில்லை. ஆனால் எவ்வளவு வட்டி போதும் என்பதை அவர் முடிவு செய்ய முடியாது. பிரிவு 23 மிகத் தெளிவு. டிரஸ்ட் பணத்தை வியாபாரத்தில் போட்டால், பயனாளி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூட்டப்படும் கூட்டு வட்டி, அல்லது அந்தப் பணத்தால் வந்த நிகர லாபம். தேர்வு உங்களுடையது. நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் சட்டம் சொல்லும் வீதம் ஆண்டுக்கு 6 சதவீதம்.

ஆகவே முதலில் தேதியைக் கேளுங்கள். எந்த நாளில் எடுத்தார், எந்த நாளில் எவ்வளவு வைத்தார், வங்கிக் கணக்கு விவரத்தோடு. அவர் கூடுதலாகவே வட்டி போட்டிருந்தால் வட்டிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடலாம். லாபம் கேட்பதா வேண்டாமா என்று அதன் பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து யோசியுங்கள். உங்கள் பங்கை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம், 24 வயது. தம்பியின் பங்கை நீங்களும் விட்டுக்கொடுக்க முடியாது, அம்மா வாய்வார்த்தையில் சரி என்றாலும் அது அவனைக் கட்டாது. எல்லாம் தெரிந்து நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு அதே விஷயத்தில் உங்கள் இழப்பீட்டை அவரிடம் கேட்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். விவரம் முழுதாக வரும்வரை எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

"வாடகையில் லாபம் பார்த்துக் கொடுத்தேன், அதில் இதைக் கழித்துக்கொள்" என்று அவர் சொன்னால் அதற்கும் பதில் உண்டு. ஒரு விதிமீறலில் வந்த நஷ்டத்தை இன்னொரு தனி விதிமீறலில் வந்த லாபத்தோடு கழிக்க பிரிவு 24 இடம் தரவில்லை.

28 ஜூன்

போலீசுக்குப் போகச் சொல்லும் நண்பர்களே, பொறுங்கள். நம்பிக்கை மோசடி குற்றம்தான். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316, அதற்கு முந்தைய செயல்களுக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 405 முதலான பிரிவுகள். ஆனால் நேர்மையற்ற நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். எடுத்ததை எழுதி, திருப்பி வைத்து, தாளிலும் காட்டியவர் மீது முதல் அடியாக அதை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மா அந்த வீட்டில்தான் வாழ வேண்டும்.

உரிமையியல் வழிகள் போதுமான அளவு இருக்கின்றன. டிரஸ்டி தன் கடமையைச் செய்யும்படி கட்டாயப்படுத்தலாம் (டிரஸ்ட் சட்டம், பிரிவு 61), தகுதியான டிரஸ்டி வேண்டும் என்று கேட்கலாம் (60), சொத்து வேறு கைக்குப் போயிருந்தால் பின்தொடரலாம் (63). விலை கொடுத்து, விஷயம் தெரியாமல், நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடம் மட்டும் அது செல்லாது (64). பத்திரத்தில் நடுவர் தீர்ப்புக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தாலும், டிரஸ்ட் சட்டத்தின் கீழ் வரும் இந்தத் தகராறுகள் நடுவர் மன்றத்துக்குப் போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொல்லிவிட்டது.

"2021 விஷயம், மூன்று வருடம் தாண்டிவிட்டது, காலாவதி" என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். காலவரையறைச் சட்டம், 1963, பிரிவு 10-ஐப் படித்துக் காட்டுங்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சொத்து ஒப்படைக்கப்பட்ட டிரஸ்டியிடமிருந்து அந்தச் சொத்தையோ அதன் வருவாயையோ மீட்கவும், கணக்குக் கேட்கவும் போடும் வழக்குக்குக் காலக்கெடு இல்லை.

2 ஜூலை

டிரஸ்டியாக இருப்பவர்கள் சிலர் தனியாகக் கேட்டார்கள், நீங்கள் எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள் என்று. டிரஸ்டுக்குத் தனி வங்கிக் கணக்கு. என் பணம் ஒரு ரூபாய்கூட அதற்குள் போகாது, அதிலிருந்து என் கணக்குக்கும் வராது. கலந்துவிட்டால் பயனாளிக்கு அந்தக் கலவை முழுவதன் மீதும் பாத்தியதை உண்டு (66). ரசீது இல்லாத செலவை எழுதும் அன்றே காரணத்தையும் எழுதிவிடுவேன். மார்ச் 31-க்கு ஒரு கணக்கு. யாரும் கேட்காவிட்டாலும் அக்கா பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவேன்.

மருமகள் பள்ளியில் படிக்கும்போதே ஒரு முறை கணக்கைப் பார்த்துவிட்டு, "எல்லாப் பணமும் ஏன் மாமா ஒரே வைப்புத்தொகையில் இருக்கிறது?" என்று கேட்டாள். பத்திரம் அரசுப் பத்திரங்களையும் அனுமதித்திருந்தது, நான்தான் பழக்கத்தில் வங்கியோடு நின்றிருந்தேன். பணத்தை எதில் போடலாம் என்பதற்குச் சட்டத்தில் இருந்த பழைய பட்டியல் 2016 திருத்தத்தில் நீக்கப்பட்டு, பத்திரம் அனுமதிப்பதிலும் மத்திய அரசு அறிவிக்கையில் சொல்வதிலும் முதலீடு செய்யலாம் என்று ஆகியிருக்கிறது. அவள் கேட்ட பிறகு ஒரு பகுதியை மாற்றினோம். கணக்கைக் காட்டியதால் டிரஸ்டுக்குக் கிடைத்த ஆதாயம் அது. நிர்வாகத்தில் குழப்பம் வந்தால் வழக்குப் போடாமலே மனு மூலம் நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க பிரிவு 34 இருக்கிறது. அந்தக் கருத்தின்படி நல்லெண்ணத்தோடு நடந்த டிரஸ்டிக்குப் பாதுகாப்பும் உண்டு. கடன் கேட்கப்பட்ட சமயத்தில் அந்த மனுவைப் போட்டிருந்தால் உறவு அவ்வளவு கசந்திருக்காதோ என்று இப்போதும் நினைக்கிறேன். மறுப்பு நீதிமன்றத்திலிருந்து வந்திருக்கும்.

9 ஜூலை

அப்பாவின் நண்பர் இரண்டாவது டிரஸ்டியாகக் கையெழுத்திட்டு வங்கி விவரங்களை வாங்கிக் கொடுத்திருக்கிறார், கடைக்கு ஜூலை முதல் வாடகை தர சித்தப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று படித்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். ஆனால் வாடகை தருவதால் மட்டும் பிரிவு 53 தீராது. நீதிமன்ற அனுமதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அல்லது தம்பிக்கு 18 ஆகும்வரை கடையை வெளியாருக்கு விடச் சொல்லுங்கள். கழிந்த ஆண்டுகளின் வாடகையும் கணக்கில் வர வேண்டும்.

சொத்தை இப்போதே கேட்டு வாங்கலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு: பயனாளிகள் எல்லாரும் வயது வந்தவர்களாகவும் ஒரே மனத்தோடும் இருந்தால் சொத்தைத் தங்களிடமே மாற்றித் தரும்படி டிரஸ்டியைக் கேட்கலாம் (56). தம்பிக்கு 18 நிறைய வேண்டும். பத்திரத்தில் அம்மாவுக்கு ஏதாவது உரிமை இருந்தால் அவருடைய சம்மதமும் வேண்டும். அதுவரை ஆண்டுக் கணக்கின் ஒரு பிரதியைத் தம்பி கையிலும் கொடுங்கள். 16 வயதில் வரவு செலவு நன்றாகவே புரியும்.